டாக்டர் ஆரோக்கியசெல்வி திருப்பி அனுப்பிய டிராக்டர்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் ரோட்டில் ஒரு பம்ப்செட் கடை. அதன் மாடியில் தொற்றுநோய் ஆராய்ச்சி மையம் ஒன்றின் கிளை அலுவலகம் இருக்கிறது. பெயர்ப்பலகை சிறியது. அதனால் மோட்டார் ரிப்பேருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், மேலே ஏதோ சீட்டுக் கம்பெனி நடப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே டாக்டராக இருப்பவர் ஆரோக்கியசெல்வி. நாற்பதை நெருங்கும் வயது. வயல் பக்கம் போகிற நாட்களில் புடவையை விட்டுவிட்டுச் சுடிதாரும், முழங்கால் வரை ஏறும் கறுப்பு ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொள்வார்.

கிளினிக் வைக்கவில்லை, ஃபீஸ் வாங்குவதில்லை, தன் பேரில் போர்டு கிடையாது. இது என்ன டாக்டர் வேலை என்று சொந்தக்காரர்களுக்கே வெகு நாள் விளங்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் சித்தி முறையாகும் ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஒரு மருந்து நெஜமாவே வேல செய்யுதா இல்லையான்னு பாக்கறது சித்தி. அதான் என் வேல."

"அது தெரியாமயா கடையில விக்கிறான்?"

"சிலத தெரியாமத்தான் விக்கிறான்."

சித்தி சிரித்தாள். ஆரோக்கியசெல்வி சிரிக்கவில்லை.

அவர் மயிலம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் காலனியில் பிறந்தவர். அப்பா அந்தோணிசாமி நடவு, கரும்பு வெட்டு, கிணறு தூர் வாருவது என்று கூப்பிட்ட வேலைக்கெல்லாம் போனவர். கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, செங்கல்பட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து, வல்லம் ஒன்றியத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்பு யாரும் மாசச் சம்பளம் வாங்கியதில்லை. அதை விட்டுவிட்டு அவர் ஆராய்ச்சிக்குப் போனது, அப்பாவுக்குப் பெரிய வருத்தம். போனதற்குக் காரணம் ஒரு சாவு.

ஒரு ஐப்பசி மழையில் மாரியப்பன் என்ற நடவுக் கூலியாள் காய்ச்சலோடு சுகாதார நிலையத்துக்கு வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. கெண்டைக்காலைத் தொட்டாலே துடித்தார். எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரம் கலந்த சேற்றுத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு, காலில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், உள்ளே இறங்கிவிடும். ஆரம்பத்தில் பிடித்தால் சாதாரண ஊசியில் போய்விடும். மாரியப்பன் வந்தபோது சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியும் பிழைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் மாரியப்பனின் தம்பி அன்புச்செல்வன் சுகாதார நிலையத்துக்கு வந்தான். சண்டை போட வந்திருக்கிறான் என்று நர்ஸ் பயந்துவிட்டார். அவன் ஒரு கேள்வி கேட்கத்தான் வந்திருந்தான்.

"சேத்துல எறங்காம எங்களால இருக்க முடியாதும்மா. முன்னாடியே எதனா மாத்திரை போட்டுக்கினு எறங்கினா இது வராம இருக்குமா?"

அப்படி ஒரு மாத்திரை உண்டு என்று ஆரோக்கியசெல்வி படித்திருந்தார். வாரம் ஒன்று போட்டால் தடுக்கும் என்று ஒரு புத்தகம் சொன்னது. அதற்கு ஆதாரம் போதாது என்று இன்னொன்று சொன்னது. அவர் இரண்டையும் யோசித்துவிட்டு, "தெரியலப்பா" என்றார்.

"உங்களுக்கே தெரியலயா?"

"யாருக்கும் சரியாத் தெரியல."

அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அந்தத் 'தெரியல' அவர் தொண்டையில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. இரண்டு வருஷம் கழித்து, அதே கேள்விக்கு விடை தேட மூன்று மாவட்டங்களில் ஒரு மருந்து ஆய்வு தொடங்கப் போகிறது, திண்டிவனம் மையத்துக்கு டாக்டர் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் மனுப் போட்டார். இடம் கிடைத்தது.

ஆய்வு என்னவென்றால், வயலில் இறங்குகிற ஆட்களில் சம்மதித்துச் சேருகிறவர்களுக்கு மழைக்காலம் முழுக்க வாரம் ஒரு மாத்திரை. பாதிப் பேருக்கு மருந்து. மறு பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று போடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. சென்னையில் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். தெரிந்துவிட்டால் பார்க்கிற கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. எல்லோருக்கும் பூட்ஸ் உண்டு. காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, வைத்தியம்.

இதை ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். வல்லம், மேல்மலையனூர் பக்கத்துக் கிராமங்களில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை ஓரங்களில், ரேஷன் கடை வாசல்களில் நின்று சொன்னார். சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

"இன்னா மாத்திரைன்னே தெரியாம குடுப்பியா?" என்று ஓர் அம்மாள் கேட்டாள்.

"ஆமாம்மா. உனக்கு வந்திருக்கிறது மருந்தா, வெறும் மாத்திரையான்னு எனக்கும் தெரியாது."

"தோ பாரு, தெரியாதுன்னு சொல்ற டாக்டர இப்பத்தான் பாக்கறேன்" என்று அவள் சொல்லி, கூட்டமே சிரித்தது. ஆரோக்கியசெல்வியும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்த ஊரில் அன்றைக்கு யாரும் சேரவில்லை.

அவரோடு கள வேலை பார்த்த இனியவனுக்குக் கவலை. சுறுசுறுப்பான ஆள், செஞ்சிக்காரன், எல்லா ஊரிலும் நாலு பேரைத் தெரியும். மற்ற இரண்டு மாவட்டங்களில் ஆள் சேர்ப்பு ஜோராக நடப்பதாகச் சென்னையிலிருந்து தகவல் வந்துகொண்டிருந்தது. "நாமதான் மேடம் கடைசி" என்று திங்கட்கிழமை தோறும் சொல்வான்.

அந்தச் சமயத்தில்தான் அரங்கநாதன் வந்தார்.

வல்லத்துக்குப் பக்கத்தில் நெல்லும் கரும்புமாக நிறைய நிலம் உள்ளவர் அரங்கநாதன். ரைஸ் மில் உண்டு. செத்துப்போன மாரியப்பன் அவர் நிலத்தில்தான் நடவு வேலை செய்தவர். அது அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது. ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஆரோக்கியசெல்வியைத் தேடி அலுவலகத்துக்கே வந்தார்.

"நல்ல காரியம் பண்றம்மா. நீ எந்த ஊரு?"

"மயிலம் பக்கம் சார்."

"மயிலத்துல... ஊர்லயா?"

அவர் எதைக் கேட்கிறார் என்று ஆரோக்கியசெல்விக்குத் தெரியும். "காலனிங்க சார்" என்றார்.

அரங்கநாதன் ஒரு கணம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "அதனால இன்னா, படிச்சி மேல வந்துட்ட. சந்தோசம்" என்று சொல்லிவிட்டு, தன்னால் ஆன உதவியைச் செய்வதாக வாக்குக் கொடுத்து எழுந்து போனார்.

உதவி அடுத்த வாரம் வந்தது. வல்லத்தில் ஒரு சமுதாயக் கூடத்தில் அன்றைக்கு ஆய்வுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் வந்த நாலைந்து பேரோடு கூடம் வெறிச்சென்று கிடந்தது. டிராக்டர் சத்தம் கேட்டு இனியவன் வெளியே ஓடினான். டிப்பர் நிறைய ஆட்கள். நடவுப் பெண்கள், வரப்பு வெட்டுகிற ஆண்கள், எல்லாம் நின்றபடி வந்திருந்தார்கள். முன்னால் மோட்டார் சைக்கிளில் அரங்கநாதன்.

"ஆள் பத்தலன்னு பேஜாராயிட்டியாமே. இந்தாம்மா, என் ஆளுங்க மொத்தமும் வந்துட்டாங்க. கையெழுத்தோ ரேகையோ எங்க வெக்கணும்னு காட்டு. வெச்சிட்டு ஜல்தியா போவணும், நடவு பாதியில நிக்கிது."

இனியவனின் முகம் மலர்ந்துவிட்டது. கூடத்து வாசல் பந்தலுக்கு அடியில் நாற்காலிகளை இழுத்துப் போட ஆரம்பித்தான். ஆரோக்கியசெல்வி படியில் நின்று டிப்பரைப் பார்த்தார். ஆட்கள் யாரும் தாங்களாக இறங்கவில்லை. அரங்கநாதன் கையைக் காட்டிய பிறகுதான் இறங்கினார்கள். இறங்கியவர்கள் ஓரமாக, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

"சார், ரொம்ப நன்றிங்க. ஆனா இவங்கள நான் இன்னிக்கி சேத்துக்க முடியாது."

"ஏன்?"

"சேர்றதும் சேராததும் அவங்கவங்க இஷ்டம் சார். நீங்க கூட்டிக்கினு வந்து நிறுத்தினா, அவங்களால வேணாம்னு சொல்ல முடியுமா?"

அரங்கநாதன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆட்கள் பக்கம் திரும்பி உரக்கக் கேட்டார்.

"டேய், யாருக்கனா வேணாமா? வேணாம்னா கைய தூக்குங்க!"

யாரும் அசையவில்லை. ஒரு பெண் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தியாம்மா? யாருமே வேணாம்னு சொல்லல."

"அதத்தான் சார் நானும் சொல்றேன்" என்றார் ஆரோக்கியசெல்வி.

அரங்கநாதனுக்குப் புரிந்தது. புரிந்ததால் முகம் சிவந்தது. "ஒரு உசுரு போச்சேன்னு நல்லதுக்குப் பண்ணேன். என்னெ அடிமை வெச்சிக்கிறவன் மாதிரி நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சிட்ட."

"நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்கன்னு தெரியுது சார். தப்பா நெனைக்காதீங்க. இத வேற மாதிரி பண்றேன், ஒரு வாரம் குடுங்க."

அவர் பதில் சொல்லாமல் வண்டியை உதைத்தார். டிப்பர் வந்த வழியே திரும்பிப் போயிற்று. நாற்காலியைப் பிடித்தபடி நின்ற இனியவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மேடம், நம்ம டார்கெட்ல பாதி மேடம் அது! விவரமா சொல்லிட்டே சேத்திருக்கலாமே. அவங்களுக்கும் நல்லதுதானே?"

கூடத்துப் படியில் உட்கார்ந்து ஆரோக்கியசெல்வி அவனுக்கு ஒரு விஷயம் சொன்னார். அவர் எட்டாவது படிக்கும்போது, அப்பா வேலை செய்த பண்ணையில் ஏதோ ஒரு முகாம் நடந்தது. அய்யா சொன்னார் என்று அத்தனை ஆட்களும் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டார்கள்.

"அப்பறம் இன்னா மேடம் ஆச்சி? உடம்புக்கு எதனா...?"

"ஒண்ணும் ஆகல. நல்ல ஊசியாத்தான் இருந்திருக்கும். ஆனா அது இன்னா ஊசின்னு எங்கப்பாவுக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. ஏன் கேக்கலன்னு நான் கேட்டப்ப, கேக்கலாம்னே தோணலம்மான்னு சொன்னாரு."

இனியவன் நாற்காலிகளை அடுக்கினான்.

சொன்னபடி அடுத்த வாரமே அவர் வேறு மாதிரி செய்தார். அரங்கநாதனின் மில்லுக்கும் வயலுக்கும் தொலைவில், அந்த ஆட்கள் குடியிருந்த காலனியிலேயே இருந்த அங்கன்வாடிக் கட்டடத்தை மாலை நேரத்துக்குக் கேட்டு வாங்கினார். முதல் நாள் எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்து தனியாகப் பேசலாம். உள்ளே வருகிறவர் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் உட்கார்ந்திருப்பார். வெளியே போகும்போது எல்லோர் கையிலும் ஒரே மாதிரித் துணிப்பை, அதில் ஒரு ஜோடி பூட்ஸும் சோப்பும். வாராவாரம் இனியவன் ஒரு வீடு விடாமல் போய்க் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பான். அந்த வீட்டில் மாத்திரை கொடுத்தானா, சும்மா விசாரித்துவிட்டு வந்தானா என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. சேராதவர்களுக்கும் பூட்ஸ் கொடுக்கப் பணம் எங்கே என்று சென்னையில் கேட்டபோது, தன் பயண அலவன்ஸில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

தனியாகப் பேசினால் என்ன வரும் என்பது செண்பகம் உள்ளே வந்த அன்று தெரிந்தது. டிராக்டரிலிருந்து இறங்கி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டவள் அவள்தான். கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்திய பிறகும் குரலை இறக்கியே பேசினாள்.

"நான் முழுவாம இருக்கறேன் டாக்டரம்மா. எங்க வூட்டுக்காரருக்கே இன்னும் சொல்லல. முன்ன ரெண்டு வாட்டி தங்கல. இந்த வாட்டி நாலு மாசம் தாண்டட்டும், அப்பறம் வாயத் தொறக்கலாம்னு இருக்கறேன். இந்த மாத்திரைய நான் போட்டுக்கலாமா?"

"போட்டுக்கவே கூடாது."

"அன்னிக்கி அய்யா ஏறுன்னாரு, ஏறிட்டேன். குடுத்தா வாங்கி வரப்புல எறிஞ்சிடலாம்னு நெனச்சிக்கினுதான் வந்தேன்."

சேருவதற்கு முன்பு பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை உண்டு. அதனால் மாத்திரை அவள் கைக்கு வந்திருக்காது. ஆனால் அத்தனை பேர் நடுவில் அவளை மட்டும் ஒதுக்கி நிறுத்தியிருந்தால், அவள் பொத்தி வைத்திருந்தது அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். ஆரோக்கியசெல்வி அவளைக் கிராம நர்ஸிடம் சேர்த்துவிட்டார். மற்றவர்களைப் போலவே செண்பகமும் துணிப்பையோடு வெளியே போனாள். வாராவாரம் இனியவன் அவள் வீட்டுக்கும் போய்க் காய்ச்சல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தான். அடுத்த சித்திரையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

டிராக்டரில் வந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்கள்தான் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களில் அன்புச்செல்வன் ஒருவன். அவன் மனைவி கலையரசி சேரவில்லை. மாத்திரை என்றாலே அவளுக்கு வயிற்றைப் புரட்டும்.

எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, ஆய்வுக்குத் தலைவியான டாக்டர் பிரபாவதி சென்னையிலிருந்து போன் செய்தார். கண்டிப்பானவர், ஆனால் நியாயம் தெரிந்தவர்.

"ஒரு லோடு ஆள திருப்பி அனுப்பினியாமே செல்வி?"

"ஆமா மேடம்."

"காரணம் சரிதான். நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆள் இல்லன்னா உன் சென்டர மூடச் சொல்வாங்க. அப்ப என்னால தடுக்க முடியாது."

"மூடறதுன்னா மூடட்டும் மேடம்" என்று சொல்லிவிட்டாரே தவிர, போனை வைத்த பிறகு தன் நிலைமை நினைவுக்கு வந்தது. வேலையை விட்டுவிட்டு வந்தவர். திரும்பிப் போக அந்த இடம் காலியாக இல்லை.

இதற்கிடையில் அரங்கநாதன் கோபம் தணிந்து ஒருமுறை வந்தார். இந்த முறை வேறு யோசனை. யார் யார் மாத்திரை போடுகிறார்கள் என்று சொன்னால், அவர்களைத் தண்ணீர் தேங்கிய பள்ளக்காலுக்கு அனுப்பலாம், மற்றவர்களை மேட்டு நிலத்தில் விடலாம் என்றார். ஆட்களைக் காப்பாற்றத்தான் அப்படி நினைத்தார்.

"அந்தப் பேர நான் யாருக்கும் சொல்ல முடியாது சார். இன்னொண்ணு, அதுல பாதி மாத்திரை வெறும் மாத்திரை. மருந்து மாத்திரையும் தடுக்கும்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அத நம்பி நீங்க ஒருத்தன பள்ளத்துல எறக்கினா அவன் கதி இன்னா?"

அரங்கநாதன், "அப்ப எல்லாருக்கும் பூட்ஸ் போட்டுத்தான் எறக்கணும்ன்ற" என்று முனகிவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் வயலில் பூட்ஸ் இல்லாமல் யாரையும் இறங்க விடவில்லை என்று கேள்வி.

கார்த்திகையில் ஃபெஞ்சல் புயல் வந்தது. மரக்காணத்துக்குப் பக்கத்தில் கரை ஏறி, நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. மயிலம் முழுக்க வெள்ளம். விக்கிரவாண்டியில் நெடுஞ்சாலை மேலேயே தண்ணீர் ஓடிற்று. ஆய்வில் இருந்த ஊர்களில் பாதி தீவாகிவிட்டன. வெள்ளம் வடிந்ததும் ஆட்கள் சாய்ந்த பயிரை நிமிர்த்த வயலில் இறங்கினார்கள். இனி காய்ச்சல் வரும் என்று ஆரோக்கியசெல்விக்குத் தெரியும். ரோடு அறுந்த இடங்களில் நடந்தே போய் வீடு வீடாக எட்டிப் பார்த்தார். ஆய்வில் சேர்ந்த வீடு, சேராத வீடு என்று பார்க்கவில்லை. போகிற இடமெல்லாம் ஒன்றையே சொன்னார். "மாத்திரை போடறோம், நமக்கு வராதுன்னு இருந்துடாதீங்க. உடம்பு சுட்டா அன்னிக்கே சொல்லுங்க."

அப்படிச் சொல்லியும் ஒருவன் சொல்லாமல் இருந்துவிட்டான். அன்புச்செல்வன்தான்.

ஒரு நாள் மத்தியானம் அவன் வீட்டு வாசலில் நின்று ஆரோக்கியசெல்வி குரல் கொடுத்தபோது கலையரசி தலையை நீட்டி, "அவரு தூங்கறாரும்மா. மழையில நனைஞ்சி ஒரே உடம்பு வலி" என்றாள். மத்தியானத்தில் தூங்குகிற ஆள் இல்லை அவன். ஆரோக்கியசெல்வி பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அவனுக்குக் கண் சிவந்து, வெள்ளை விழியில் மஞ்சள் ஏறியிருந்தது. கெண்டைக்காலில் விரலை வைத்ததும் கத்திவிட்டான். எப்போது ஒன்றுக்குப் போனாய் என்று கேட்டார். அவனுக்கு நினைவில்லை.

"எத்தினி நாளா காய்ச்சல்?"

"மாத்திரைதான் போட்டுக்கினு இருக்கறனேம்மா... சளிக் காய்ச்சலா இருக்கும்னு..."

ஆம்புலன்ஸ் வரும் வழியில் பாலம் ஒன்று மூழ்கிக் கிடந்தது. இனியவனும் இன்னும் இரண்டு பேரும் அன்புச்செல்வனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டினார்கள். ஆரோக்கியசெல்வி இடுப்பளவு தண்ணீரில் குளுக்கோஸ் பாட்டிலைத் தலைக்கு மேல் பிடித்தபடி நடந்தார். முதல் ஊசியை வீட்டிலேயே போட்டிருந்தார். அக்கரையில் வண்டி தயாராக நின்றது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அன்றைக்கே டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கலையரசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. அவருக்கு நீ குடுத்தது நெஜ மாத்திரையா, டூப்பா?"

"எனக்குத் தெரியாது கலை."

"போன் பண்ணா சொல்லுவாங்கன்னு அன்னிக்கி நீதான சொன்ன?"

உண்மைதான். உயிருக்கு ஆபத்து என்றால், வைத்தியத்துக்குத் தேவை என்றால், சென்னைக்குப் போன் செய்து கேட்கலாம். ஆனால் அவனுக்கு வந்திருப்பது மருந்தானாலும் வெறும் மாத்திரையானாலும் இப்போது போடும் ஊசி ஒன்றுதான். கேட்டு வைத்தியத்தில் மாறப்போவது எதுவும் இல்லை. ஆஸ்பத்திரி டாக்டர்களும் அதையே சொன்னார்கள். ஆரோக்கியசெல்வி இதை எடுத்துச் சொன்னார்.

கலையரசி கையை உதறினாள். "அவங்க அண்ணனும் போயிட்டான். இவருக்கு வெறும் மாவக் குடுத்து வேடிக்க பாத்தியா? உன் கணக்குதான் உனக்கு முக்கியம்! நீயும் எங்கள மாதிரி காலனிக்காரிதான? எங்க தலையிலதானா பாக்கணும்?"

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆரோக்கியசெல்வி எழுந்து போகவில்லை. அவள் திட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் கேன்டீனிலிருந்து இட்லி வாங்கி வந்து வைத்தார். கலையரசி அதைத் தொடவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். டயாலிசிஸ் நடக்கும் நாளெல்லாம் வந்தார். வந்து, இன்று ரத்தத்தில் உப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது, எவ்வளவு மூத்திரம் பிரிந்தது என்று அவளுக்கு விளங்கும்படி சொல்வார். ஒரு நாள் கலையரசி தானாகவே, "இன்னிக்கி ஒண்ணுக்கு நல்லாப் போனாரு" என்றாள். அவன் பிழைத்துவிடுவான் என்று இருவருக்கும் அப்போது தெரிந்தது.

அன்புச்செல்வன் பொங்கலுக்கு முன் வீடு திரும்பினான். இளைத்துப்போய் எலும்பு தெரிந்தது. ஆனால் சிறுநீரகம் மீண்டுவிட்டது.

மழைக்காலம் முடிந்து, ரத்தமெல்லாம் சோதித்து, கணக்கெல்லாம் போட்டு, ஆய்வின் முடிவு வெளிவரக் கோடையாகிவிட்டது. சென்னையில் கூட்டம். மூன்று மாவட்டத்து டாக்டர்களும் வந்திருந்தார்கள். முடிவு யாருக்கும் திருப்தியாக இல்லை. மாத்திரை நோயைத் தடுத்ததாகச் சொல்ல முடியவில்லை. நோய் கடுமையாவதை ஓரளவு குறைத்த மாதிரி தெரிந்தது, ஆனால் உறுதியாகச் சொல்ல ஆட்கள் போதவில்லை.

"திண்டிவனத்துல இன்னும் கொஞ்சம் ஆள் சேத்திருந்தா பதில் கெடச்சிருக்கும்" என்று ஒரு மூத்த டாக்டர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார். ஆரோக்கியசெல்வி தலைகுனிந்து அமர்ந்திருந்தார். அந்த டிப்பரை அவர் பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறார். அதில் வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தால் பதில் கிடைத்திருக்குமோ என்று அவருக்கே சந்தேகம் உண்டு.

அப்போது பிரபாவதி வேறொரு படத்தைத் திரையில் போடச் சொன்னார். மருந்து மாத்திரை பெற்றவர்களிடம் இடையிடையே எடுத்த ரத்தத்தில் அந்த மருந்து உண்மையிலேயே இருந்ததா என்று பார்த்த கணக்கு. அதிகமாக, வேகமாக ஆள் சேர்த்த மாவட்டம் ஒன்றில் ஏறக்குறைய பாதிப் பேரின் ரத்தத்தில் மருந்தே இல்லை. மாத்திரையை வாங்கியிருக்கிறார்கள், விழுங்கவில்லை. திண்டிவனத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் விழுங்கியிருந்தார்கள்.

"இந்த ஆய்வுல நம்பி எடுத்துப் பேசக்கூடிய கணக்கு எதுன்னா, இந்தச் சின்ன சென்டரோடதுதான்" என்றார் பிரபாவதி. "அடுத்த ஆய்வுக்கு ஆள எப்படிக் கேக்கணும்னு செல்வி நமக்குச் சொல்லித் தரட்டும்."

மூத்த டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆரோக்கியசெல்விக்குச் சந்தோஷம்தான். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் அவர் யோசித்துக்கொண்டு வந்தது, இதை ஊரில் எப்படிச் சொல்வது என்பதைத்தான்.

ஆய்வு முடிந்தால் முடிவைக் கட்டுரையாக எழுதி அனுப்புவார்கள். மாத்திரை விழுங்கியவர்களிடம் போய்ச் சொல்கிற வழக்கம் அபூர்வம். அவர் போனார். சேர்ந்த ஊர்களுக்கெல்லாம் போனார். அந்தக் காலனியின் அங்கன்வாடி வாசலில் மாலையில் எல்லோரும் கூடினார்கள். யார் யாருக்கு எந்த மாத்திரை என்பதை, விரும்பிக் கேட்டவர்களுக்கு மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். அன்புச்செல்வனும் கலையரசியும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள்.

"உனக்கு வந்தது மருந்து மாத்திரைதான் அன்பு."

கலையரசி உட்கார்ந்துவிட்டாள். "நெஜ மாத்திரையா? அதப் போட்டுக்கினுமா அப்படி ஆச்சி?"

"ஆமா. அது போடாட்டி இன்னும் மோசமாயிருக்குமோ, இல்ல அது ஒண்ணுமே செய்யலயோ, உன் ஒருத்தன வெச்சி என்னால சொல்ல முடியல."

"அப்ப அன்னிக்கி நான் உன்ன அவ்ளோ பேச்சு பேசினது..."

"அந்த எடத்துல நான் இருந்தா நானும் பேசியிருப்பேன். நீ கேட்டதுல தப்பில்ல கலை."

கலையரசி எழுந்து, டீ போட்டு வைத்திருக்கிறேன், குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள்.

வெளியே வந்து ஆரோக்கியசெல்வி கூட்டத்துக்கு முடிவைச் சொன்னார். தடுக்கும் என்று சொல்ல முடியவில்லை. மாத்திரையை நம்பிச் சேற்றில் இறங்காதீர்கள். பூட்ஸ் போடுங்கள், காலில் புண் இருந்தால் அன்று வேலைக்குப் போகாதீர்கள், காய்ச்சல் என்றால் முதல் நாளே வாருங்கள். நோய் முற்றாமல் காக்குமா என்பதைப் பார்க்க இன்னும் பெரிய ஆய்வு ஒன்று நடத்த வேண்டும், அதற்கு அனுமதி கேட்டிருக்கிறது என்றார்.

"அது எங்க நடக்கும்?" என்று ஒருவர் கேட்டார்.

"இந்தப் பக்கமும் நடக்கும்னு நெனைக்கிறேன்."

"எங்க பேரெல்லாம்தான் உன்கிட்ட இருக்குதே. அப்படியே எழுதிக்கோ."

"முடியாதுண்ணா. அது வேற ஆய்வு. மறுபடியும் முதல்லேந்து சொல்லி, ஒவ்வொருத்தரா கேக்கணும்."

"போன வருசம்தான் சரின்னு சொன்னனே!"

"அது போன வருசத்துக்கு. இந்த வருசம் வேணாம்னு தோணலாம் இல்ல?"

"இந்தம்மா திருந்தாது" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். கூட்டம் சிரித்தது.

அனுமதி ஆவணியில் வந்தது. பம்ப்செட் கடை மாடியில் இப்போது இரண்டு டாக்டர்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள், இருவரும் ஆரோக்கியசெல்வியிடம் வேலை பழகுகிறார்கள். இனியவன் மேல்சித்தாமூர் பக்கத்து ஊர்களில் தனியாகப் பேச வசதியான கட்டடங்களைத் தேடிக்கொண்டிருக்கிறான். இந்த வருஷ நடவு வல்லத்தில் தொடங்கிவிட்டது.